ஒழுகும் கூரைக்கு ஓர் அறக்கட்டளை

(ராயப்பன்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பு 'பல்கலைக்கழக நகரங்களில் பழைய கட்டடங்கள்' என்று அச்சாகியிருக்கிறது. ராயப்பன்பட்டியில் பல்கலைக்கழகம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். திராட்சைத் தோட்டம் இருக்கிறது, சண்முகாநதி அணை இருக்கிறது, பனிமய மாதா கோவில் இருக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் படிப்பைத் தேடி வந்த ஊர் இது. இங்கே பள்ளிப் படிப்பை முடித்து, 1956இல் தொடங்கிய உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரிக்கோ போடிக்கோ மதுரைக்கோ போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியவர்கள் இருக்கிறார்கள். படிப்பால் பெயர் வாங்கிய ஊருக்கும் பல்கலைக்கழக நகரத்துக்கும் கட்டட விஷயத்தில் ஒரே நோய்தான் வருகிறது. பெரிய ஊரில் அந்த நோய் எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிட்டு, நம் ஊருக்குத் திரும்புவோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857இல். கட்டடம் கிடையாது. 1864இல் போட்டி வைத்து வரைபடம் கேட்டார்கள். மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்துக்கும் சேர்த்து வென்றவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் என்ற இளம் பொறியாளர். மாநிலக் கல்லூரி 1870இல் திறக்கப்பட்டது. செனட் இல்லத்தைக் கட்ட 1874 முதல் 1879 வரை ஆனது.

இந்த இரண்டுக்கும் நடுவில் சிஷோம் மதுரைக்கு வந்தார். திருமலை நாயக்கர் 1636 வாக்கில் கட்டிய அரண்மனை அப்போது பாழடைந்து கிடந்தது. அவருடைய பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, பெயர்க்க முடிந்ததையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, மிச்சமிருந்ததைப் பழுதுபார்க்கச் சொன்னார். வேலை சிஷோமிடம் வந்தது. அந்தப் பெரும் தூண்களையும் வளைவுகளையும் அளந்து பார்த்தவர்தான் பிறகு கடற்கரையில் செனட் இல்லத்தைக் கட்டினார். ஐரோப்பிய மண்டபம், பைசாந்திய வளைவு, நம் ஊர்த் தூண் மூன்றும் அங்கே சண்டை போடாமல் நிற்பதற்கு மதுரையில் பழுதுபார்த்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பழுதுபார்ப்பது புதிதாகக் கட்டுவதைவிடக் கீழான வேலை என்று நினைக்கும் பொறியாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த அரண்மனை பிறகு எப்படிப் பிழைத்தது? பழுதுபார்த்த கையோடு அதை ஆபீஸாக்கினார்கள். மாவட்ட நீதிமன்றம் 1970 வரை அங்கேதான் நடந்தது. வழக்குக்கு வந்தவர்கள் வெற்றிலை போட்டுத் துப்பியிருப்பார்கள், தூணில் சாய்ந்து சாய்ந்து சுண்ணாம்பைத் தேய்த்திருப்பார்கள், எல்லாம் சரி. ஆனால் மேலே ஒழுகினால் கீழே ஒரு ஜட்ஜ் நனைவார். உடனே ஆள் வரும்.

செனட் இல்லத்துக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது, பிறகு போய்விட்டது. 1937 ஜூலையில் ராஜாஜி அமைச்சரவை அமைந்தபோது, சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது இந்த மண்டபத்தில்தான். அந்த ஆண்டு டிசம்பர் வரை அங்கேதான் நடந்தது. அப்புறம் பல்கலைக்கழகம் வளர்ந்தது, வளாகத்தில் புதிய கட்டடங்கள் வந்தன, வேலைகள் அங்கே போய்விட்டன. மண்டபம் சும்மா நின்றது. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டு வந்ததும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. வண்ணக் கண்ணாடிகளைச் சரிசெய்து, மேற்கூரை ஓவியங்களைத் துலக்கி, பெரும் செலவில் அழகாகப் புதுப்பித்தார்கள். அதன் பிறகாவது பூட்டைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளிலேயே மறுபடியும் பழுது என்ற செய்திகள் பத்திரிகையில் வரத் தொடங்கின. விழா எடுப்பதற்குப் பணம் கிடைத்தது. விழா முடிந்து வரும் முதல் மழைக்கு யாரும் பணம் ஒதுக்கி வைக்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

செனட் இல்லத்தின் பக்கத்திலேயே சேப்பாக்கம் அரண்மனை. ஆர்க்காட்டு நவாப் வாலாஜா 1768இல் கட்டியது. பின்னால் அரசு அலுவலகமாகி, கலச மகால், ஹுமாயூன் மகால் என்ற இரண்டு பகுதிகளிலும் கோப்புகள் குவிந்தன. முன்னால் புதுக் கட்டடங்களை எழுப்பியதில், பின்னால் அரண்மனை இருப்பதே பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறை இரவில், கலச மகால் தீப்பிடித்தது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருவர் இறந்தார். கூரை விழுந்தது. இனி இடித்துவிட வேண்டியதுதான் என்று பலர் முடிவுகட்டிய கட்டடம் அது. பொதுப்பணித் துறை இடிக்கவில்லை. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்து, பழைய முறையிலேயே எழுப்பியது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. அடுத்து ஹுமாயூன் மகாலையும் மீட்டார்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளத் துறைக்குள் ஒரு தனிப்பிரிவே வந்துவிட்டது. அரசாங்கத்தைத் திட்டுவதற்கு நமக்கு நிறையக் காரணம் இருக்கிறது. இந்த ஒன்றில் கை தட்ட வேண்டும்.

அதே கடற்கரைச் சாலையில் ராணி மேரிக் கல்லூரி. 1914இல் தொடங்கிய, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. 2003இல் அதை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட அரசு திட்டமிட்டது. மாணவிகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், வளாகத்தைவிட்டுப் போக மாட்டோம் என்று இரவும் அங்கேயே உட்கார்ந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. பலர் மறந்த பகுதி இன்னொன்று. கல்லூரி முதன்முதலில் இயங்கிய கேப்பர் ஹவுஸ் இப்போது இல்லை. கவனிப்பின்றி நைந்து, இடிபட்டுப் போனது. அதற்காக யாரும் சாலையில் உட்காரவில்லை. ஒரே நாளில் இடிக்க வருகிறவனை நம்மால் எதிர்க்க முடிகிறது. முப்பது வருஷமாக மெதுவாக இடிப்பவனை எதிர்க்க நம்மிடம் கோஷம் இல்லை.

சட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணா சாலையில் 1897இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் அதன் உரிமையாளரான ஆயுள் காப்பீட்டுக் கழகமே இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழக்குத் தொடுத்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. இடிக்காதே என்று சட்டம் சொல்லும். ஓடு மாற்று என்று எந்தச் சட்டமும் வந்து நிற்காது. தீர்ப்பு வந்த பிறகும் அந்தக் கட்டடம் எத்தனை மழையில் நனைந்தது என்பதை அண்ணா சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

இப்போது நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். இங்கே கட்டடத்தைக் கொல்வது தண்ணீர். ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கும்போது ஓட்டுக்கூரையில் ஒரே ஒரு சீமை ஓடு நகரும். யாரும் பார்க்க மாட்டார்கள். தென்மேற்குச் சாரல் அந்தச் சந்து வழியாக ரீப்பரை நனைக்கும். ஐப்பசி அடைமழையில் கைமரம் ஊறும். அடுத்த கோடையில் கரையான் ஏறும். மெட்ராஸ் டெரஸ் என்னும் தட்டைக்கூரை போட்ட கட்டடமாக இருந்தால் கதை வேறு: தூம்பில் சருகு அடைத்து மாடியில் தண்ணீர் தேங்கும், காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று கைப்பிடிச் சுவரில் வேர்விடும். கன்று சிறிதாக இருக்கும்போது விரலால் பிடுங்கலாம். மூன்று வருஷம் கழித்துப் பிடுங்கினால் சுவரும் கூட வரும். பிறகு ஒருவர் வந்து பார்த்து, இது ஆபத்தான கட்டடம் என்று எழுதிக் கொடுப்பார். அவர் எழுதுவது பொய் இல்லை. ஆபத்து உண்மையிலேயே வந்துவிட்டது. அது வந்த வழியைத்தான் அந்தத் தாளில் எழுதுவதில்லை.

இதில் பாதிக் கேடு அக்கறையினாலும் வருகிறது. சுவர் உதிர்கிறதே என்று சிமெண்ட் பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரம் மேலே ஏறி, ஆள் உயரத்தில் உப்புப் பூத்து, பூச்சோடு செங்கல்லையும் உரித்துக்கொண்டு விழும். பார்த்தீர்களா, பழைய சுவர் தாங்கவில்லை என்பார்கள். சுண்ணாம்புக்குப் பலமில்லை என்று வேறு யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கம்பம் பள்ளத்தாக்குக்காரர் சொல்லக் கூடாது. நாம் குடிக்கும் தண்ணீரையும் நெல்லுக்குப் பாயும் தண்ணீரையும் தேக்கி வைத்திருப்பது பென்னிகுக் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை. அது கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கட்டுமானம். அதையும் யாரும் கட்டிவிட்டு மறந்துவிடவில்லை. விரிசலுக்குக் கலவை செலுத்தினார்கள், 1979க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி போட்டார்கள், உள்ளே கம்பி இறக்கினார்கள், பின்னால் முட்டுச் சுவர் எழுப்பினார்கள். அணையைப் பராமரிக்கத் தெரிந்த ஊருக்குப் பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கத் தெரியாமல் போகுமா?

தெரியாமல் இல்லை, கணக்கில் இடமில்லை. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், நூற்றாண்டு விழாவுக்கு முன்னாள் மாணவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். ஒருவர் புது பிளாக் கட்ட ஒரு மாடி, ஒருவர் இன்னொரு மாடி. வாசலில் பளிங்குக் கல்லில் பெயர். அந்த பிளாக்குக்கு இடம் வேண்டும் என்று, அவர்களெல்லாம் உட்கார்ந்து படித்த ஓட்டுக் கூடத்தை இடித்தார்கள். கொடுத்தவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வடிகுழாய் மாற்றப் பணம் வேண்டும் என்று அவர்களிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வடிகுழாயில் பெயர் பொறிக்க இடமும் கிடையாது.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. சோழர் பாண்டியர் கல்வெட்டுகளைப் படித்தால், கோவில் கட்டிய அரசனைவிட, கட்டிய கோவிலை நடத்திய சாதாரண மனிதர்களின் பெயரே அதிகம் கிடைக்கும். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு கொடுப்பார்கள். சாகிற ஆட்டுக்குப் பிறக்கிற ஆடு ஈடு, மந்தை குறையாது, அதனால் அதைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். விளக்குக்கு மட்டுமல்ல, பழுது புதுக்குவதற்கென்றே தனியாக நிலம் விட்டார்கள். அதற்குப் புதுக்குப்புறம் என்று பெயர். ஏரி தூர்வார ஏரிப்பட்டி. கோவில் கட்டியவன் செத்துப் போவான், அவன் பேரன் ஏழையாகிப் போவான், ஆனால் அந்த நிலத்தில் விளையும் நெல் வருஷா வருஷம் ஓட்டையை அடைக்கும். கல்வெட்டின் முடிவில், இந்த அறத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று கொடையாளி எழுதி வைப்பார். கட்டியவர் காப்பவரைக் கும்பிடுகிறார். நம் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் அப்படி ஒரு வரியை நான் கண்டதில்லை. செப்பேட்டுக்குப் பேர்போன சின்னமனூர் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கொடை எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கமும் ஒரு பராமரிப்பு அட்டவணைதான். அதைப் புகழும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருப்பணி என்ற பெயரில் பழைய ஓவியங்கள் மேல் வெள்ளையடித்தவர்களும், மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டைத் தேய்த்தவர்களும், கருங்கல் தளத்தின் மேல் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டியவர்களும் நாம்தான். பணம் இருந்தால் மட்டும் போதாது. கை தெரிந்த கொத்தனார் வேண்டும்.

வெளியூர் உதாரணம் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு என்றதும் நாம் பொன்னிறக் கல் மாளிகைகளை நினைக்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவை கறுத்து, உப்பிப்போய், மேல்தோல் உரிந்து தொங்கின. அங்கே நிறையப் பயன்படுத்தியிருந்த ஹெடிங்டன் கல் நிலக்கரிப் புகையைத் தாங்கவில்லை. 1957இல் வரலாற்றுக் கட்டடங்களுக்கென்று ஒரு நிதியைத் தொடங்கி, முன்னாள் மாணவர்களிடமும் மற்றவர்களிடமும் கேட்டு வாங்கி, கட்டடம் கட்டடமாகக் கல்லை மாற்றினார்கள். 1974 வரை அந்த வேலை நடந்தது. எந்தப் புது மாளிகைக்கும் அந்தப் பணம் போகவில்லை. நன்கொடையாளர்கள் பழைய சுவர்களுக்குத்தான் கொடுத்தார்கள்.

ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன், இல்லையென்றால் தலைமையாசிரியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2004இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழகம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு பறந்தது. அந்தப் பயம் நியாயமானது. பழமை அழகு என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளை விரிசல் சுவருக்குக் கீழே உட்காரவைக்க எவனுக்கும் உரிமை கிடையாது. நிஜமாகவே மீட்க முடியாத கட்டடம் இருந்தால் அளந்து, படம் எடுத்து, வரைந்து வைத்துக்கொண்டு இடித்துவிடுங்கள். நான் அழ மாட்டேன். ஆனால் திருநெல்வேலியில் விழுந்தது தாத்தா காலத்துச் சுவர் அல்ல, அடித்தளம் சரியாகப் போடாத பிற்காலச் சுவர். வயதை மட்டும் பார்த்து இடித்தால் நல்ல சுவர் போய்விடும், மோசமான சுவர் நிற்கும்.

எல்லாப் பழைய கட்டடத்தையும் அருங்காட்சியகமாக்குங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அருங்காட்சியகம் என்றால் நம் ஊரில் பாதி நாள் பூட்டு. வகுப்பு நடக்கட்டும், நூலகம் நடக்கட்டும், மழை நாளில் பிள்ளைகள் அந்த வராந்தாவில் சாப்பிடட்டும். ஒழுகினால் ஒருவர் தலையில் சொட்ட வேண்டும்.

இனி கோரிக்கை. இந்த மேடை ஓர் அறக்கட்டளையின் வட்டியில் நடக்கிறது. சொற்பொழிவுக்கு அறக்கட்டளை இருக்கிறது, தங்கப் பதக்கத்துக்கு இருக்கிறது, முதல் மதிப்பெண்ணுக்கு இருக்கிறது. ஓட்டுக்கு இல்லை. ராயப்பன்பட்டியில் படித்து, மதுரையிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் சேர்ந்து, முதலைத் தொடக் கூடாது என்று எழுதி, ஒரு பழுதுபார்ப்பு நிதியை வங்கியில் போடுங்கள். வட்டியில் வருஷத்துக்கு இரண்டு வேலை நடக்கட்டும்: ஆடிக் காற்றுக்கு முன்னால் ஒருவர் கூரை ஏறி ஓட்டைச் சரிபார்க்க வேண்டும், ஐப்பசிக்கு முன்னால் ஒருவர் தூம்பைச் சுத்தம் செய்து அரசங்கன்றைப் பிடுங்க வேண்டும். மிச்சம் இருந்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் இரண்டு இளைஞர்களைக் கற்க அனுப்புங்கள். பள்ளி, கோவில், பழைய காரை வீடுகள் எல்லாவற்றையும் மாணவர்களை விட்டு அளந்து, படம் எடுத்து ஒரு பதிவேடு எழுதச் செய்யுங்கள். அதற்குப் பணமே வேண்டாம். ஒரு நாடாவும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.

இன்றைய உரைக்காக எனக்குத் தரவிருக்கும் மதிப்பூதிய உறையைப் பிரிக்காமல் தலைவரிடம் திருப்பித் தருகிறேன். அதைக் கூரை நிதியின் முதல் வரவாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வரவு இந்த அரங்கிலிருந்தே வர வேண்டும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசல் பக்கம் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.